கிளட்ச் கருகிய வாசனை

நசரத்பேட்டை
புதன்கிழமை

அன்பு மகன் மோகனுக்கு,

உன் நைனா தசரதன் சொல்லச் சொல்ல, மாடி வீட்டு சபீனா எழுதுவது. அந்தப் பனியில் நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். காவலுக்குப் போய் வந்ததும் கால் விரல்களை நன்றாகத் துடைத்துக்கொள். மாதத்துக்கு ஒரு முறை மூன்று நிமிடம் பேசுகிறாய். அந்த மூன்று நிமிடமும் மருமகள் சித்ரா பக்கத்தில் நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

முதலில் உன் அம்மா. டயாலிசிஸ் ஒரு நாளும் விட்டுப்போகவில்லை, பயப்படாதே. ஆனால் போன வாரம் செவ்வாய்க்கிழமை நேரம் கழித்துப் போய்விட்டோம். நமக்குக் காலை ஏழு மணி படுக்கை. நாங்கள் போனபோது எட்டே முக்கால். அடுத்த ஆள் காத்திருந்ததால் நாலு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினை இரண்டே கால் மணி நேரத்தில் கழற்றிவிட்டார்கள். மறுநாள் உன் அம்மாவுக்குக் கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. வெள்ளிக்கிழமை முழு நேரமும் ஓடிய பிறகுதான் வீக்கம் வடிந்தது.

நேரம் கழிந்ததற்குக் காரணம் கார். நீ இதற்கென்றே வாங்கி வைத்துவிட்டுப் போன ஆட்டோமேட்டிக் கியர் கார். எட்டு மாதமாக வாரம் இரண்டு நாள் சித்ராதான் ஓட்டிப் போகிறாள். ஒரு கீறல் கிடையாது. அன்றைக்கு மெட்ரோ வேலைக்காகப் பாதையில் ஒரு பக்கம் அடைத்திருந்தார்கள். முன்னால் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். பைபாஸ் பாலத்து ஏற்றத்தில் அரை மணி நேரம் முழம் முழமாக நகர்ந்தோம். அப்புறம் கியர் விழவில்லை. கியர் குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் முன் போர்டில் கியர் எழுத்து மினுக்மினுக்கென்று எரிந்தது. என்ஜின் உறுமியது, வண்டி அசையவில்லை. பின்னால் இருந்த ஷேர் ஆட்டோக்காரன் தலையை நீட்டி, “இன்னாம்மா, கியரே போட வேணாம்னுதான இந்த வண்டிய வாங்குறீங்க, இதுலயுமா மாட்டிக்கினு கீறீங்க” என்று கேட்டான். அதே ஆள்தான் இறங்கி வந்து வண்டியை ஓரம் தள்ளினான். எங்களை ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் விட்டவனும் அவன்தான்.

அப்புறம் மெக்கானிக் வேம்புலி ஷெட்டுக்கு வண்டியை இழுத்து வந்தோம். அவன் முதலில் பேட்டரியைப் பார்த்தான். கரண்டு குறைந்தால் இந்த வண்டியில் கியர் விழாதாம். பேட்டரி நன்றாக இருந்தது. பிரேக்கை மிதித்து, பின் விளக்கு எரிகிறதா பார் என்று என்னைப் பின்னால் நிறுத்தினான். பிரேக் மிதித்தது வண்டிக்குத் தெரியாவிட்டாலும் கியர் போகாதாம். விளக்கு எரிந்தது. கியரைத் தள்ளுகிற மெஷினுக்கு ஒரு சின்ன டப்பாவில் எண்ணெய் இருக்கிறது, அதுவும் குறையவில்லை. கடைசியில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் சொருகி கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கிளட்ச் என்றான்.

இத்தனையும் அவன் பார்த்து முடிக்கும்வரை நான் பேசாமல் நின்றேன். எனக்கு முதலிலேயே தெரியும். பாலத்தின் மேலேயே தெரியும். அந்த வாசனையை எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம், பலமனேர் ஏற்றத்தில் உப்பு லோடு லாரியோடு நின்றபோது முகர்ந்திருக்கிறேன். கிளட்ச் பிளேட் கருகினால் வருகிற வாசனை. மூக்கு மறக்காது. ஆனால் கிளட்ச் மிதி இல்லாத வண்டியில் கிளட்ச்சே கிடையாது என்று நினைத்திருந்தேன், மோகன். உள்ளே இருக்கிறதாம். நம் காலுக்குப் பதில் ஒரு மெஷின் அதை மிதித்துக்கொண்டிருக்கிறதாம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அன்று பாலத்தில் நான் முன் சீட்டில் இருந்தேன். சித்ரா பிரேக்கில்தான் கால் வைத்திருந்தாள். ஏற்றத்தில் பிரேக்கை நம்பாதே, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து வண்டியை அப்படியே நிறுத்து, பின்னால் போகாது என்று நான்தான் சொன்னேன். லாரியில் நாங்கள் அப்படித்தான் நிறுத்துவோம். “பிரேக்லயே வெச்சிக்கறேன் மாமா, அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள். நாற்பத்தொரு வருஷம் ஓட்டியவன் சொல்கிறேன், கேள் என்றேன். கேட்டாள்.

பிளேட்டைக் கழற்றிக் காட்டியபோது அடுப்புக் கரி மாதிரி இருந்தது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரில் வண்டியை நிறுத்தியது யார் என்று வேம்புலி கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் சித்ரா, “நாந்தாண்ணா, தெரியாம பண்ணிட்டேன்” என்று சொல்லிவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, “நீங்கள்லாம் ஓட்டினாத்தான் அக்கா எங்க பொழப்பு ஓடும்” என்றான். ஷெட்டில் இருந்த இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். முன் டயர் இடுக்கில் ஒரு சின்னக் கல் மாட்டியிருந்தது. நான் குனிந்து வீட்டுச் சாவியால் அதை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் திறப்பதற்குள் நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் எப்போதும் போல எனக்குச் சர்க்கரை இல்லாத காப்பி போட்டுக் கொடுத்தாள்.

புது பிளேட் போட்டு, அந்த மெஷினுக்கு மறுபடி கியர் போடப் பழக்கி, திங்கட்கிழமை வண்டி வந்துவிட்டது. வேம்புலி செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். ஆனால் சித்ரா சாவியைத் தொடவில்லை. “வேணாம் மாமா, நடுப் பாலத்துல மறுபடி நின்னுச்சுன்னா அத்தைக்கு இன்னா ஆவும்” என்கிறாள். நேற்று ஆட்டோவில்தான் போனோம். திரும்பும்போது கரையான்சாவடி பள்ளத்தில் குலுங்கி உன் அம்மா ஆட்டோவிலேயே வாந்தி எடுத்தாள். வந்து படுத்தவள், “இனிமே நான் வர்ல. குலுங்கிக் குலுங்கி சாவறதுக்கு ஊட்லயே கெடக்கறேன்” என்று சொல்லிவிட்டாள். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நானே ஓட்டலாம் என்றால் வலது கண்ணில் புரை. எதிரே வருவது ஒன்றா இரண்டா என்று தெரிவதில்லை.

இங்கே சபீனா பேனாவை வைத்துவிட்டு, “தாத்தா, இத ஏன் அவ்ளோ தூரத்துல இருக்கற அண்ணனுக்குச் சொல்றீங்க, அக்கா கீழ கிச்சன்லதான இருக்காங்க” என்று கேட்டாள். நியாயம்தான். நேற்றிலிருந்து மூன்று தடவை கிச்சன் வாசல் வரை போனேன். ஒரு தடவை தண்ணீர் கேட்டேன். ஒரு தடவை கேஸ் புக் பண்ணியாயிற்றா என்று கேட்டேன். ஒரு தடவை ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

உன் மிலிட்டரி விலாசம் சித்ராவுக்குத்தான் சரியாகத் தெரியும். அதனால் கவரை ஒட்டாமல் அவளிடம் கொடுக்கப் போகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு விலாசம் எழுதச் சொல்லப் போகிறேன். மோகன், நீ போனில் பேசும்போது வண்டியைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எந்த மலையில் நின்றாலும் உனக்கு ஒரு குறையும் வராது.

சித்ராம்மா, இதுவரை நீ படித்திருப்பாய். வந்து என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தையைக் குளிக்க வைத்து வாசலில் உட்கார வைக்கிறேன். வண்டியை நீ எடும்மா. உனக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே ஓட்டு. நீ நன்றாக ஓட்டுகிறாய். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் அதைச் சொன்னதில்லை.

இப்படிக்கு,
தசரதன்