மாமரத்தடியில் ஒரு பாட்டு

சான் ரோக்கே,
7 ஏப்ரல் 1991

அன்புள்ள ஞானத்தாய்க்கு,

கைகூப்பி ஆசி கேட்கிறேன். இந்தக் கடிதத்தைப் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாசோ மொரோதிக்கு அவரை விட்டால் வேறு தபால் கிடையாதே.

அப்பா நகரத் தலைவர் பதவிக்கு நிற்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகரத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கப் போவது இதுதான் முதல் முறை என்று வகுப்பில் ஆசிரியை சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் ஊரிலுள்ள எங்கள் கட்சி நீலக்காரர்கள் அத்தனை பேரும் வாக்களித்தாலும் அப்பா ஜெயிக்க முடியாதாம். நேற்று சமையலறையில் தெலோ மாமா அப்பாவிடம் சொன்னார்: "வெளுத்த சிவப்புங்களப் பிடிக்கணும் கலிஸ்தோ. இல்லேன்னா கடையக் கட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

ஆளும் சிவப்புக் கட்சி வீட்டில் பிறந்து, ஆனால் அந்தச் சூடு இல்லாதவர்களை மாமா அப்படிச் சொல்கிறார். எனக்கு உடனே உங்கள் நினைவு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் யோசித்து வைத்திருக்கிறேன். கூட்டம் போட்டுக் கத்தினால் யாரும் மனம் மாறுவதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் மாறலாம். உங்கள் மாமரத்தடியில் அக்கம்பக்கத்தார் நாலு பேரைக் கூப்பிடுவீர்களா? அப்பா வந்து ஓடைப் பாலத்தைப் பற்றிப் பேசுவார். நான் குளிர்ந்த மூலிகைத் தெரேரே ஊற்றுகிறேன்.

உங்கள் ஞானமகள்,
நிமியா

*

பாசோ மொரோதி,
14 ஏப்ரல்

அன்பு மகள் நிமியாவுக்கு,

கடவுள் உன்னைப் புனிதவதியாக்கட்டும்.

உன் ஞானத்தந்தையின் நினைவுப் பூசைக்கு வர உங்கள் வீட்டில் யாருக்கும் வழி தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. போகட்டும்.

நான் என்ன, வெயிலில் காயப்போட்ட துணியா வெளுத்துப்போக? செவிலி வேலைக்காகத்தான் சிவப்புக் கட்சி அட்டை வாங்கினேன். அது இல்லாதவளை ஊசியைத் தொட விட்டிருக்கமாட்டார்கள். ஆனால் என் அப்பாவைப் புதைத்தபோது பெட்டிமேல் சிவப்புத் துணி கிடந்தது. அதையும் வேலைக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருந்தாலும் போன மழையில் ஒரு பெண் ஓடைக் கரையிலேயே பிள்ளை பெற்றாள். நான் இந்தக் கரையில், அவள் அந்தக் கரையில். பாலம் கட்டுகிறேன் என்று ஒருவன் வந்தால் அவன் பேச்சைக் கேட்பதில் பாவமில்லை.

28ஆம் தேதி ஞாயிறு காலை, பூசை முடிந்து வாருங்கள். கலிஸ்தோ கழுத்தில் நீலத் துணி கூடாது. ஒலிபெருக்கி கூடாது. கட்சிப் பெயரை எடுக்கவே கூடாது. எலிஹியோவைக் கூப்பிடுகிறேன். அவர் தலையசைத்தால் ஓடைக்கு இந்தப் பக்கம் முழுதும் தலையசைக்கும். ஆனால் என்னை நம்பித்தான் அவர் வருவார் என்பதை மறக்காதே. உங்கள் தேர்தல் முடிந்த பிறகும் நான் இவர்களோடுதான் இருக்க வேண்டும்.

தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வா.

சுனில்டா

*

சான் ரோக்கே,
29 ஏப்ரல்

அன்புள்ள ஞானத்தாய்க்கு,

கைகூப்பி ஆசி கேட்கிறேன். நேற்று கிளம்பும்போது நீங்கள் தரவில்லை.

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் கொஞ்ச நாளில் என் தவறை நானே சின்னதாக்கிக்கொள்வேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தானே போனது? பெரியவர் டான் எலிஹியோ, "ஏம்ப்பா கலிஸ்தோ, நீ கட்டுற பாலத்துல நீலக்காரன் மட்டும்தான் நடப்பானா?" என்று கேட்டார்.

"உங்க மாடுங்க என்ன கட்சின்னுகூடக் கேக்கமாட்டேன், டான் எலிஹியோ."

"கேட்டுப் பாரேன். அது எல்லாக் கட்சியையும் உதைக்கும்!"

நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். தெரேரே நிறைந்த கொம்புக் குவளை கைமாறிக் கைமாறிச் சுற்றியது. எல்லோருக்கும் இளையவள் என்பதால் நான்தான் ஊற்றினேன். அப்பா உறிஞ்சிக் குடித்த அதே குழலில் டான் எலிஹியோ குடித்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்புறம் உங்கள் பக்கத்து வீட்டு சாபினோ மாமா யாழை எடுத்து ஒரு பழைய பாட்டு வாசித்தார். நீங்கள் கூடவே முணுமுணுத்தீர்கள்.

இவர்கள் எல்லோரும் நம்மவர்களாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், "மாமா, அடுத்து எங்க அப்பா பாட்டு ஒண்ணு வாசிங்களேன்" என்றேன்.

அவர் உங்களைத்தான் பார்த்தார். கேட்டவள் உங்கள் ஞானமகள் என்பதால் மறுக்க முடியாமல் நீலக்காரர்களின் கட்சிப் பாட்டான போல்காவில் ஓர் அடி வாசித்தார். ஒரே ஓர் அடி.

யாராவது திட்டியிருக்கலாம். டான் எலிஹியோ கொம்பை என்னிடம் நீட்டி, "நன்றி மகளே" என்றார். அடுத்தவருக்கு ஊற்றினேன். "நன்றி மகளே." அதற்கடுத்தவரும் அப்படியே. நன்றி சொல்லிக் கொம்பைத் திருப்பினால் இனி எனக்கு ஊற்றாதே என்று பொருள். நம் ஊரில் நடை பழகும் பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஜாடியில் பனிக்கட்டி இன்னும் கரையவே இல்லை. கடைசியாக உங்களுக்கு ஊற்றினேன்.

நீங்களும் நன்றி சொன்னீர்கள்.

நிமியா

*

சான் ரோக்கே,
12 மே

அன்புள்ள ஞானத்தாய்க்கு,

பால் வண்டிக்காரர் இரண்டு வாரமாக வெறுங்கையை விரிக்கிறார். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பாட்டுக்காக எல்லோரும் கொம்பைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சிவப்புக்கும் நீலத்துக்கும் சண்ட நடந்த வருஷம், எலிஹியோவோட அண்ணனப் பிடிச்சுட்டுப் போக வந்தவங்க, அந்தப் பாட்ட விசிலடிச்சுக்கிட்டே வந்தாங்க. அண்ணன் திரும்பி வரல. இவரு அப்பச் சின்னப் பையன். கட்டிலுக்கடியில ஒளிஞ்சு கேட்டுக்கிட்டிருந்தாரு."

"வந்தது யாருப்பா?"

"உங்க தாத்தாவும் அதுல ஒருத்தரு."

அது டான் எலிஹியோவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அன்றிலிருந்தே தெரியும் என்றார்.

தெரிந்துகொண்டேதான் அவர் வந்து, என் தாத்தாவின் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே குழலில் குடித்திருக்கிறார். அவரைத்தான் நான் வெளுத்த சிவப்பு என்று எண்ணிக்கொண்டு வந்தேன். அந்தச் சொல்லை நினைத்தாலே எனக்கு முகம் எரிகிறது.

நான் பாட்டுக்காக மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. பூசைக்கு வராமல் வாக்குக்கு வந்தேனே, அதற்கும்தான். இந்த முறை ஆசி கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

நிமியா

*

பாசோ மொரோதி,
9 ஜூன்

நிமியாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை, அதுதான் உண்மை.

ஒரு பேருந்தில் அடங்கும் ஆட்களின் வாக்கு வித்தியாசத்தில் கலிஸ்தோ தோற்றதாகச் சொன்னார்கள். அந்தப் பேருந்தில் நானும் ஒருத்தி. அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பியபோது உன் அப்பாவுக்குப் போடத்தான் கிளம்பினேன். திரைக்குப் பின்னால் தனியாக நின்றபோது சாபினோ வாசித்த அந்த ஓர் அடி காதில் கேட்டது. கை பழகிய இடத்துக்கே போய்விட்டது. வெளியே வந்து மைக்கறை விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நடந்தேன். ஓடையைத் தாண்டுகையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. வெட்கம் உனக்கு மட்டுமில்லை.

எலிஹியோ இப்போதும் என் வேலியை ஒட்டி நடப்பதில்லை, எதிர்ப்பக்கமாகவே போகிறார். அதை உன்னால் சரிசெய்ய முடியாது. அவர் வீட்டுக்குப் போய் அழுதுகொண்டு நிற்காதே. அவர் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும்; அந்தச் சுமையையும் அவர்மேல் ஏற்றாதே.

வரும் ஞாயிறு உன் ஞானத்தந்தையின் கல்லறைக்குப் பூ வைக்கப் போகிறேன். தனியாக வா. திரும்பி வந்து மாமரத்தடியில் உட்காருவோம். நாம் இரண்டு பேர்தான் இருப்போம். நீ ஊற்று. உன் முறை வரும்போது குடித்துவிட்டுக் கொம்பைச் சும்மா வை, நன்றி சொல்லாதே.

கடவுள் உன்னைப் புனிதவதியாக்கட்டும்.

சுனில்டா