பதினேழாம் வாய்ப்பாடு

2068 ஜூன் 11, 08:10
கூண்டு அழுத்தம் வெளிக்காற்றைப் போல 5 மடங்கு. கரியமில வாயு 0.5%.
கடலடி ஆய்வு முடிந்து, இந்த இரும்பு அழுத்தக் கூண்டோடு என்னைப் படகில் ஏற்றி இரண்டு நாளாகிறது. அழுத்தம் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். நாளைக் காலை கதவு திறக்கும். தலைக்கு மேல் சிவப்புக் கைப்பிடி, தீப்பிடித்தால் மட்டும் திருப்ப. இப்போது திருப்பினால் அழுத்தம் ஒரே நொடியில் போய், சோடா பாட்டில் போல ரத்தம் பொங்கிச் சாவேன். காலை உணவு: இட்லி, சுமார்.
– இசக்கியம்மாள், கடலியல் ஆய்வாளர்

10:40
வாயு 1.9%.
காற்றைச் சுத்தம் செய்யும் மோட்டார் நின்றுவிட்டது. உதிரி மோட்டார் தூத்துக்குடியிலிருந்து மாலை ஆறுக்கு வரும். அதுவரை தாங்கலாம், புத்தி தாங்கினால். இந்த வாயு தலைக்கேறினால் ஏறியதே தெரியாது. முதலில் போவது சந்தேகம்தான். எனக்கு எப்போது சந்தேகமே இல்லாமல் போகிறதோ, அப்போது என்னை நம்பக் கூடாது.
வெளியே கண்காணிப்பில் ஜெனோவா. அரை மணிக்கு ஒருமுறை மைக்கில் பதினேழாம் வாய்ப்பாடு கேட்கச் சொல்லி, இந்தக் குறிப்பையும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். கல்லூரியில் கணக்கில் இரண்டு அரியர் வைத்தவள். அவளை நம்பித்தான் உயிர்.
17, 34, 51, 68, 85. சரி.

13:25
வாயு 3.6%.
தலைவலி. மூச்சு வாங்குகிறது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜெனோவா மோர் குடிக்கிறாள். நாலு அங்குல இரும்பு. பயமாக இருக்கிறது.
17, 34, 51, 68... 85. சரி.

14:50
வாயு 5.1%.
தலைவலி போய்விட்டது. தெளிவாக இருக்கிறேன். மீட்டர்தான் பழுது. அழுத்தமும் இறங்கியிருக்கும், வெளியே போய்விடலாம்.
17, 34, 51, 64, 81. சரி.
ஜெனோவா: “யக்கா, நாலாவது தப்பு. அறுபத்தெட்டு. கைப்பிடில இருந்து கைய எடுங்க.”
அரியர் வைத்தவள் எனக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிறாள்.
ஜெனோவா: “நீங்கதானக்கா காலைல எழுதுனீய. அத எடுத்து வாசிங்க.”

15:35
கோடு போட்டு எண்ணினேன். பதினேழு பதினேழாக நாலு வரிசை. 64. மறுபடி எண்ணினேன். 64.
அவள் அழுகிறாள். பாவம், புரியவில்லை.
10:40 குறிப்பை வாசித்தேன். என் கையெழுத்துதான்.
எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.
வலது கையைக் கட்டிலோடு பெல்ட்டால் கட்டிவிட்டேன். முடிச்சு இறுக்கம். இது இடது கை எழுத்து
64தான்