துரையின் ஊரைக் கடல் கொண்ட மாசம்

1953 பிப். 3, செவ்வாய்

வெயில். மழையைக் காணோம். ரப்பர் இலை கொட்டித் தீர்க்கிறது, பால் பாதிதான். செக்ரோலில் ஆள்கணக்கு எழுதி முடியவில்லை.

பெரிய துரை (இனி து. போதும், இங்கேயுமா கும்பிடு?) காலையிலிருந்து ஆபீஸ் ரேடியோவை விட்டு நகரவில்லை. ஹாலந்தில் கடல் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்துவிட்டதாம். இவர் ஊரும் அதில் மாட்டியிருக்கிறது. தாயார் அங்கே தனியாக. தந்தி அடித்தார், பதில் இல்லை.

என்னை உட்காரச் சொன்னார்! இத்தனை வருஷத்தில் முதல் தடவை. தாளில் ஊரை வரைந்து காட்டினார். நடுவில் அவர்கள் கோவில். அதைச் சுற்றி வட்டமாக ஒரே தெரு. அப்புறம் வயல், வாய்க்கால். எல்லாவற்றையும் சுற்றி மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் கடல், வயலைவிட உயரத்தில். முந்நூறு வருஷத்துக்கு முன் வெறும் சேறாம். காற்றாலை வைத்து இறைத்து இறைத்து நிலமாக்கினார்களாம். உருளைக்கிழங்கு, வெங்காயம். நடுவில் ஒரு தடவை கடல் எடுத்துக்கொண்டது, பேரன்மார் திரும்பப் பிடுங்கினார்கள். எந்த வயல் எவர் பாட்டன் வெட்டியது என்று பேர் பேராகச் சொன்னார். கண் கலங்கிவிட்டது.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு குசும்பு. வெங்காயம் நட்ட இந்தச் சாதுக்களின் அண்ணன் தம்பிகள்தானே கப்பலேறி வந்து மலாக்காவில் சிவப்புக் கட்டடம் கட்டி உட்கார்ந்தது? அந்தச் சரித்திரம் து. வாயில் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கணக்கு எழுதும் கிராணிக்கு எதற்குச் சரித்திரம்.

வாங்க: மண்ணெண்ணெய், நீல மை, அக்காவுக்குத் தைலம்.

பிப். 4, புதன்

வெயில். பல் வலி.

அக்கா பால்மரம் வெட்டிவிட்டு வந்து காலைக்கூடக் கழுவவில்லை, கேள்வி.

"தொரையோட ஆத்தாவுக்கு என்னவாம் தம்பி?"

"சேதி இல்லக்கா."

"சேதி இல்லன்னா?"

"சேதி இல்லன்னா சேதி இல்லதான்லா. வரும்."

"எனக்குந்தான் சேதி வரல."

அத்தானை ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான். இன்றுவரை ஒரு தகவல் இல்லை. பிணம் இல்லை, கருமாதி இல்லை, அழுவதற்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை அவளுக்கு. அதனால்தானோ என்னவோ, தோட்டத்து லய வீடுகளில் எந்தச் சாவு என்றாலும் அக்கா அஞ்சலைதான் ஒப்பாரிக்கு முன்னால்.

குழாயடியில் போய் என்ன சொன்னாளோ தெரியாது. பொழுது சாய்வதற்குள் லயத்தார் வாயில் து.வின் தாயார் செத்தாகிவிட்டது.

பிப். 5, வியாழன்

வெயில்.

நான் ஆபீஸ் வேலையாக ஜாசின் போயிருந்தேன். பெண்டுகள் எழவு கேட்கப் புறப்பட்டுவிட்டார்கள். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அக்கா முன்னால், முள்கம்பி கேட்டைப் பூட்டுகிற நேரத்தில் அதைத் தாண்டி பங்களா மேட்டுக்கு. எழவு வீடு கண்ணில் பட்டதும் ஓவென்று அலறிக்கொண்டு ஓடவேண்டும், அதுதானே முறை? ஓடியிருக்கிறார்கள், மாரில் அடித்துக்கொண்டு.

து. ஜன்னல் வழியாகப் பார்த்தது வேறு. இருட்டுகிற நேரம், ஊரடங்கு, கூச்சலோடு ஓடிவரும் கும்பல். பக்கத்துத் தோட்டத்துத் துரையைக் கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் சுட்டதிலிருந்து இவர் நிழலுக்கே பயப்படுகிறவர். அபாயச் சங்கை ஊதிவிட்டார். காவல்காரர்கள் துப்பாக்கியோடு வந்து வானத்தில் சுட்டார்கள். பெண்டுகள் விழுந்தடித்து ஓடினார்கள்.

அக்கா ஓடவில்லை. பங்களாப் படியில் உட்கார்ந்து அழுது முடித்திருக்கிறாள். எடுத்த ஒப்பாரியைப் பாதியில் விட்டால் செத்தவர்களுக்கு ஆகாதாம். முடிக்கும்வரை அவனவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றானாம். அப்புறம் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

பாவி மகளே, ஓடியிருக்கக் கூடாதா?

பிப். 6, வெள்ளி

ஜாசின் போலீஸ் ஸ்டேஷன். காலையிலிருந்து வராந்தாவில். ஒரு கோப்பி.

இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டதையே கேட்கிறார். சியாப்பா சூரோ? யார் ஏவினது? நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் பதில்:

"எழவுக்கு எவனாச்சும் ஏவி வுடுவானா? கேக்குறாரு பாரு கேள்வி."

கூலிக்காரி வெள்ளைக்காரன் தாய்க்கு எதற்காக அழவேண்டும், நம்பும்படியாகச் சொல் என்கிறார். நியாயமான கேள்விதான். அவளையே கேட்டேன்.

"ஆத்தா எல்லாருக்கும் ஆத்தாதானே. இம்மாம் பெரிய பங்களாவுல தொர தனியாக் கெடந்து என்னா பண்ணும்? தோள் குடுக்க ஒரு சாதிசனம் உண்டா?"

இதை எப்படி மலாயில் சொல்வது? சொன்னேன். சிரித்தார்.

இது அவசரகாலம், அவளை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடவும் முடியும் என்றார். இங்கே பெம்பான் பக்கம் பிறந்தவள். நாகப்பட்டினத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பிறகு கொஞ்சம் இறங்கி, உங்கள் துரை ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். துக்கம் கேட்கத்தான் வந்தார்கள் என்று. விட்டுவிடுவாராம்.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

பிப். 8, ஞாயிறு

தந்தி வந்துவிட்டது. தாயார் உயிரோடு இருக்கிறார்! கோவில் மச்சில் ஏறித் தப்பித்தாராம். து. ஆபீசில் குதிக்காத குறை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கள்ளுக்கடையில் இன்று எல்லோருக்கும் இலவசம்.

நல்ல நேரம் என்று அக்கா பேச்சை எடுத்தேன். முகம் மாறிவிட்டது.

"நான் கண்டதைத்தான் சொல்வேன், கிராணி. கண்டது ஒரு கும்பல்."

"உங்கள் தாயாருக்காக அழுத கும்பல், சார்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புரிந்தது. அழ வந்தவள்மேல் துப்பாக்கியை ஏவினேன் என்று எந்த வாயால் சொல்வார்? கிளப்பில் சிரிப்பார்களே. கடைசியில் ஒரு வழி சொன்னார். அவள் தப்பை ஒத்துக்கொண்டால், மன்னிக்கும்படி அவரே போலீசுக்குச் சொல்வாராம். மன்னிப்பாம்! எதற்கு?

வெளியே கங்காணி, கள் வாடையோடு. "நம்ம தொர நல்ல மனுசன்லா, கிராணியாரே."

நல்லவர்தான். அதுதான் வயிறு எரிகிறது.

பிப். 10, செவ்வாய்

அக்காவிடம் முதலில் நல்ல சேதியைச் சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். "மாரியாத்தா!" உடனே வாயில் அடித்துக்கொண்டாள்.

"உசிரோட இருக்கவங்களுக்கா ஒப்பாரி வச்சேன்? போவுது வுடு. செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. அந்தம்மா நூறு வருசம் இருக்கும் பாரு."

சிரித்தாள், லாக்கப்பில். நான்தான் அழுதேன்.

பிறகு கைநாட்டு வைக்கவேண்டிய தாள். செய்தது தப்பு. இனி எந்தக் கூட்டத்திலும் சேரமாட்டேன். எது கூட்டம் என்று கேட்டேன். கல்யாணம், சாவு, திருவிழா எல்லாம்தான், போவதானால் தோட்டத்தில் அனுமதி வாங்கவேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எழவு கேட்டது தப்புன்னு கைநாட்டா?"

"வையிக்கா. மொதல்ல வெளிய வா."

"நீ சொல்லு தம்பி. தப்பா?"

அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியது நான்தான். விரல் விறைத்திருந்தது.

பிப். 13, வெள்ளி

மேகம், மழை இல்லை. பல் பிடுங்க வேண்டும்.

அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து பேச்சே இல்லை. மரம் வெட்டுகிறாள், சமைக்கிறாள், படுக்கிறாள். குழாயடிக்குக்கூட ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போகிறாள்.

து.வின் ஊரை அதே இடத்தில் திரும்பக் கட்டப்போகிறார்களாம். கரையை இன்னும் உயர்த்துவார்களாம். படம் வந்தால் காட்டுகிறேன் என்றார். சரி சார் என்றேன்.

மத்தியானம் எதிர் லயத்து முனியாண்டித் தாத்தா போய்விட்டார். நெடுநாள் இழுத்துக்கொண்டு கிடந்தவர். மருமகள் தலைவிரி கோலமாக வாசலில் வந்து நின்றாள்.

"அஞ்சல அத்த, மாமா போயிட்டாரு. எல்லாம் குந்திக்கிட்டு ஒங்களத்தான் பாக்குதுங்க. ஒரு ஆளுக்கும் வாய் வரல. வாங்கத்த."

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. மருமகள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு போய்விட்டாள். அப்புறம்தான் அக்கா என்னைப் பார்த்தாள்.

"தம்பி, ஆபீசுக்குப் போயி கேட்டுட்டு வா. அஞ்சல அழுவலாமான்னு."

கேலியென்று நினைத்தேன். அவள் கை முறத்தை விட்டு, மடியில் கிடந்தது. காத்திருக்கிறாள்.

சட்டையைப் போட்டுக்கொண்டேன்.