அப்பாவின் கல்லுக்கு என் இடம்

அன்புள்ள வெர்லினுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அப்பாவின் கல்லறைக் கல்லோடு ட்ரினிடாடில் கிளம்பியதிலிருந்தே இடைஞ்சல்தான். என் பெட்டி வேறு தீவுக்குப் போய்விட்டது. கிரெனடா துறைமுகத்தில் இரண்டு நாளாகக் கிடக்கிறேன். கவலைப்படாதே, இங்கே வறுத்த மீன் நன்றாக இருக்கிறது.

இன்றுதான் நம் கரியாகூவுக்குப் படகு. கேப்டன் ஆல்ரிக், "பெரியவரே, பாரம் தாங்காது. நீங்க வாங்க, இல்லன்னா கல்லு வரட்டும்," என்றான்.

"உன் வெங்காய மூட்டைய இறக்குடா!"

"வெங்காயம் உங்கள மாதிரி சண்டை போடாது, பெரியவரே!"

அப்பா போய்ப் பதினோரு வருடம். ஞாயிற்றுக்கிழமை கல் நட்டே ஆக வேண்டும். கல்லை ஏற்றிவிட்டு, இக்கடிதத்தையும் அவனிடமே கொடுக்கிறேன். அடுத்த படகு திங்கட்கிழமைதான், எனக்காகக் காத்திருக்காதீர்கள். 'அவராவது, கல் கொண்டுவருவதாவது' என்ற உன் தம்பியே சுமக்கட்டும்.

கல் நடும் விருந்துச் சோற்றில் எனக்கும் எடுத்து வை. நடும்வரை கல்லை, செத்தவரையே கிடத்துவதுபோல், நம் ஊர் வழக்கப்படி வீட்டுக் கட்டிலில் கிடத்து. நான் படுக்கும் பக்கத்திலேயே கிடத்து.

கயிற்றை அவிழ்க்கிறார்கள்.

உன் தியோபிலஸ்