கோபார் சாலையில் குடிக்காத தண்ணீர்

இன்று காலையில் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கிரவீனில் நான்கு நாளாகச் சரியான வெயில். பருத்திச் சட்டை ஒன்றைக் கொடியில் போட்டுவிட்டுக் குனிந்து அடுத்ததை எடுத்து நிமிர்வதற்குள் அதன் கை காய்ந்துவிட்டது. ஈரத் துணி சூட்டுக் காற்றில் அவசரமாகக் காயும்போது ஒரு மணம் வருமே, அது வந்ததும் கையில் இருந்ததைக் கூடைக்குள் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எங்கெங்கோ நின்று உன்னை நினைத்து அழுதிருக்கிறேன். இன்று சிரிப்புத்தான் வந்தது.

ஸ்ட்ராத்ஃபீல்டில் நாம் வேலை செய்த முதியோர் இல்லத்தில் நீ நர்ஸ், நான் உதவியாள். எனக்கு வேலை கிடைத்த முதல் கிழமை, நான் பஸ் மாறி ரயில் மாறி வருவதைப் பார்த்துவிட்டு, "என்கிட்ட மோட்டர் இருக்கு, ஏறிக்கோலா" என்றாய். மன்னாரில் எங்களுக்கு மோட்டர் என்றால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. அதில் எப்படி ஏறுவது என்று நான் விழித்தேன். மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, சொல்லுக்குச் சொல் 'லா' சேர்க்கும் உனக்கு மோட்டர் என்றால் மோட்டார் சைக்கிள். வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். உன் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாக நின்றது. அன்று பின்னேரம் அதன் பின்னால் உட்கார்ந்து வீட்டு வாசலில் நான் இறங்கியதைப் பார்த்த அம்மா, "சாகிறதுக்கு வேற வழி கிடைக்கேல்லையோ?" என்றுதான் முதலில் கேட்டார். உன்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஜனவரியில், இங்கே நடுக்கோடையில், ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் பாலை நிலத்துக்குள் இருக்கும் புரோக்கன் ஹில்லில் உனக்கு மூன்று மாத வேலை கிடைத்தது. வண்டியையும் கொண்டுபோக வேண்டும் என்றாய். எனக்கும் லீவு இருந்தது. நானும் வருகிறேன், திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிடுவேன் என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

வழியில் டப்போவில் தங்கிய மறுநாள் விடியற்காலையில், குழாயடியில் என் சட்டையை நீ முழுதாக நனைத்துத் தந்தாய்.

"இதைப் போட்டுக்கிட்டு மேல ஜாக்கெட் போடு. ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழு."

"இந்த வெயிலுக்க மூடிக் கட்டிக்கொண்டு போறதோ? அவிஞ்சு போவன்."

"பத்து மணிக்கு மேல காத்து உன் உடம்பைவிடச் சூடாயிரும்லா. திறந்து விட்டா ஹேர் டிரையர் முன்னால உக்காந்த மாதிரி, சட்டை அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும். மூடியிருந்தா ஈரம் மெதுவாக் காயும், உள்ளே குளுகுளுன்னு இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை நிப்பேன். தாகம் இருக்கோ இல்லையோ குடிக்கணும். மத்தியானம் ஓட்ட மாட்டேன்."

நீ சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. ஈரச் சட்டை மேலில் ஒட்டிக்கொண்டு உண்மையிலேயே குளிர்ந்தது. நின்ற இடங்களில் எல்லாம் நானும் கடகடவென்று குடித்தேன். அதன் பலன் நிங்கன் என்ற ஊரைத் தாண்டியதும் தெரிந்தது. ஊரும் இல்லை, கடையும் இல்லை. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பற்றைகள், அவ்வளவுதான். நீ வண்டியை நிறுத்தி, உன் ஜாக்கெட்டைக் கழற்றித் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றாய். "போலா, யாரும் இல்லை." நான் குந்தியதும் எங்கிருந்தோ ஒரு பெரிய லொறி வந்தது. ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது. எழும்பிவிட்டேன். அடுத்த ஊரான கோபார் வரை அடக்கிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது அடிவயிறு கல்லாகியிருந்தது. அன்று இரவு அங்கே படுக்கும் முன்னரே முடிவெடுத்துவிட்டேன், நாளைக்குத் தண்ணீர் குடிப்பதில்லை என்று. உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் விடிய, வெள்ளாப்பில் கிளம்பியிருந்தால் அந்த முட்டாள்தனத்தோடும் தப்பியிருப்பேனோ என்னவோ. பின் டயரில் ஆணி. கடை திறந்து, ஒட்டி முடிக்கப் பத்து மணி ஆகிவிட்டது. நீ வானத்தைப் பார்த்தாய்.

"இன்னிக்கு வேணாம். நாளைக்கு வெளிச்சம் வந்ததும் போகலாம். ஒரு நாள் லேட்டா வேலைக்குப் போனா ஒண்ணும் ஆகாது."

"ஐயோ, இண்டைக்குப் பின்னேரம் அங்க போய்ச் சேர்ந்து ஃபோன் எடுக்கிறன் எண்டு அம்மாவுக்குச் சொன்னனான். எடுக்காட்டில் அவ பொலிசுக்கே அடிச்சுப் போடுவா."

"இங்கேருந்து பண்ணு."

"ஏன் நிண்டனீங்கள் எண்டு கேப்பா. ரயர் எண்டு சொன்னால் நித்திரை கொள்ளமாட்டா. போவம், ப்ளீஸ்."

நீ அரை மனத்தோடு ஹெல்மெட்டை எடுத்தாய். உன் சட்டங்களில் ஒன்றை நீ எனக்காக மீறியது அந்த ஒரு தடவைதான்.

அரை மணிக்கு ஒரு தடவை நின்றோம். ஒவ்வொரு தடவையும் "குடிச்சியா?" என்று கேட்டாய். நான் போத்தலை வாயில் வைத்து, தொண்டையை அசைத்து, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, "ஓம், குடிச்சனான்" என்றேன். மூன்றாம் தடவை நின்றபோது எனக்கு வியர்க்கவில்லை. நல்லதுதான் என்று நினைத்தேன். பிறகு தலையிடி. பிறகு அந்த நெருப்புக் காற்றுக்குள் எனக்குக் குளிர்ந்தது. கையில் மயிர்க்கூச்செறிந்தது. ஏதாவது என்றால் முதுகில் தட்டு என்று நீ சொன்னது நினைவில் இருந்தது, ஆனால் தட்ட வேண்டிய கை யாருடையது என்று விளங்கவில்லை. சாலையின் முடிவில் தலைமன்னார்க் கடல் தெரிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சம் நீ சொன்னது.

என் ஹெல்மெட் உன் ஹெல்மெட்டில் டக் டக் என்று முட்டியதாம். முதலில் நான் தூங்குகிறேன் என்று நினைத்தாயாம். இடக்கையைப் பின்னால் விட்டு என் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறாய். காய்ந்து, அடுப்பில் வைத்த சட்டி மாதிரிச் சுட்டதாம். அந்தக் கையை உன் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, சரளைக்கல்லில் வண்டியை நிறுத்தினாய். அப்படி நிறுத்தும்போது வண்டி சரிந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம் என்று பிறகு ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னாய்.

"ரீத்தா! கண்ணைத் திற. உன் பேர் என்ன?"

நான் அம்மாவின் பெயரைச் சொன்னேனாம்.

சாலைக்குக் கீழே மழைத் தண்ணீர் போவதற்குப் போட்ட சீமெந்துக் குழாய் ஒன்று இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை இருந்த ஒரே நிழல். அதற்குள் என்னை இழுத்துப் போட்டு, ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் கழற்றி, இருந்த தண்ணீரையெல்லாம் என் மேல் ஊற்றி, ரோட் மாப் தாளை மடித்து விசிறிக்கொண்டே இருந்திருக்கிறாய். எனக்கு முதலில் திரும்பி வந்த நினைவு உன் குரல்தான். நீ ஆங்கிலமும் மலாயும் தமிழும் கலந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாய். சூரியனை என்று நினைக்கிறேன்.

ஒரு லொறிக்காரர் நின்றார். அவருடைய பெட்டியில் ஐஸ் இருந்தது. அதை என் கழுத்திலும் கக்கத்திலும் வைத்து, அவருடைய லொறியிலேயே வில்கானியா ஆஸ்பத்திரி வரை நீ ஒரு நிமிடம்கூட என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உன் வண்டி சாலையோரத்தில் தனியே நின்றது.

சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது, எப்படி இவ்வளவு மோசமானது என்று டொக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய், "என் தப்பு. லேட்டாக் கிளம்பினோம். நான் ஓட்டியிருக்கக் கூடாது." நான் கண்ணை மூடிக்கொண்டேன். அன்று அந்தக் கட்டிலில் உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். சொல்லவில்லை. அடுத்த நாள் அம்மா ஃபோனில் உன்னைக் கேட்டுத் திட்டினார். "என்ர ஒரே பிள்ளை. அவளைக் கொல்லவோ கூட்டிக்கொண்டு போனனீ?" நீ "சாரி ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே நின்றாய். அதற்குப் பிறகு பதினான்கு வருஷம். என்னை எத்தனை நாள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருப்பாய்? கேற்றைத் தாண்டி ஒருநாளும் நீ வந்ததில்லை. அம்மா யன்னல் சீலையை இழுத்து மூடுவது உனக்குத் தெரியும். கையை அசைத்துவிட்டுப் போய்விடுவாய். நான் ஒவ்வொரு தடவையும் இன்று அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறப்பேன்.

போன வருஷம் உனக்கு வந்த நோய் இனி மாறாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். ஜூலை மாதம், ஒரு மத்தியானம், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"கோபாரிலயிருந்து வரேக்க நான் தண்ணி குடிக்கேல்லை. குடிச்சனான் எண்டு பொய் சொன்னனான். வழியில ஒண்டுக்குப் போக வெக்கப்பட்டு."

நீ என்னையே பார்த்தாய். பிறகு சிரிக்கத் தொடங்கினாய். இருமல் வரும் வரைக்கும் சிரித்தாய்.

"குழாய்க்குள்ள உன் மேல ஊத்துறதுக்கு உன் போத்தலைத் தூக்கினேன்லா. ரொம்பிப் போய்க் கனமா இருந்துச்சு. அப்பவே தெரியும். அந்தத் தண்ணி இல்லன்னா நீ இன்னிக்கு இல்லை. குடிக்காம விட்டதுதான் உன்னைக் காப்பாத்துச்சு."

"தெரிஞ்சுகொண்டோ அம்மாட்ட அவ்வளவு பேச்சு வாங்கினனீ?"

"உங்கம்மா என்னைத் திட்டினா நான் என் வீட்டுக்குப் போயிடுவேன். உன்னைத் திட்டினா நீ எங்கே போவே?"

அன்று பின்னேரமே அம்மாவிடம் சொன்னேன். நாற்பத்தாறு வயதில் அம்மாவுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் பூசைக்குப் போவதுபோல வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு வந்து, "அந்தப் பிள்ளையிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

உன் அறையில் அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "பிள்ளை, நான் உன்னைப் பிழையா நினைச்சுப் போட்டன். என்ர பிள்ளையைத் திருப்பித் தந்தது நீதான்." நீ கதிரையைக் காட்டி, "ஆன்ட்டி, உக்காருங்க ஆன்ட்டி" என்றாய். அதற்குப் பிறகு செப்டம்பர் வரை கிழமைக்கு மூன்று தரம் அம்மா வந்தார். உன்னால் விழுங்க முடிந்த நாட்களில் கஞ்சி கொண்டுவந்தார். இரண்டு ஞாயிறு நீ எங்கள் வீட்டுக்கும் வந்தாய், முன்கதவால். அம்மா உன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மலேசியாவில் மீன் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நீ கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னாய்.

இப்போது எங்கே பயணம் போனாலும் நான் தண்ணீர் குடிக்கிறேன். வண்டியை நிறுத்தச் சொல்கிறேன். போன மாதம் கோயில் ஆட்களோடு பஸ்ஸில் போனபோது, நாற்பது பேருக்கு நடுவில் எழும்பி நின்று டிரைவரிடம் சொன்னேன். பஸ் நின்றதும் எனக்குப் பின்னால் பதினொரு பெண்கள் இறங்கினார்கள். எல்லோரும் நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் தாகத்தோடு இருந்தவர்கள்.

சொல்லாமல் விட்டதை மற்றவர்கள் கல்லறைக்கு முன்னால் நின்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். நான் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நீ கேட்டாய். கேட்டுவிட்டுச் சிரித்தாய்.