முதலாம் பாடவேளை

2025 மே 15, வியாழன்

அதிபர் சுதாகரன் கேட்ட கற்றல் - கற்பித்தல் திட்டத்தின் சுருக்கம். நாளை தட்டச்சுக்குக் கொடுக்குமுன் இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

1. தரம் 6இல் வாசிக்க முடியாத பிள்ளைகளை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பாடத்திட்டத்தை முடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.
2. அவர்களுக்குத் தினமும் ஒரு பாடவேளை வாசிப்பு மட்டும்.
3. அது முதலாம் பாடவேளையாக இருக்க வேண்டும். காலையில்தான் பிள்ளையின் மனம் தெளிவாக இருக்கும்.
4. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சிறு கணிப்பீடு. புள்ளி போடுவதற்கு அல்ல, எங்கே தடுக்கிறது என்று பார்ப்பதற்கு.
5. காலைப் பாடம் குழம்பாமல் இருக்க 7.40க்கு கேட் மூடப்பட வேண்டும். பிந்தி வருவோர் முதலாம் பாடவேளை முடிந்தபின் வரலாம்.

எட்டு எழுதி மூன்றை வெட்டினேன். வெட்டிய மூன்றுதான் நல்லவையோ என்று இப்போது சந்தேகம்.

நான் ஓய்வுபெற்று ஏழு வருடம். டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை, பிரதி அதிபர் இல்லை. ‘பழைய ஆசிரிய ஆலோசகர், கிழமையில் நாலு நாள் வந்து உதவுங்கள்’ என்றார்கள். எனக்கு மறுக்கத் தெரியாது. என் மனைவி தனலெட்சுமி சொன்னாள்: “போயிட்டு வாங்க. வீட்டுல இருந்தா எனக்கும் ஒரு நேரசூசி போட்டுக் குடுப்பீங்க.”

மே 19

நாற்பத்தொரு பிள்ளைகள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, மூன்றாம் தரப் புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னேன். பதினேழு பேரால் முடியவில்லை. சர்மிளா என்றொரு பிள்ளை படத்தைப் பார்த்துக் கதை சொல்லிவிட்டது. நல்ல கதை. பந்தியில் இருந்தது வேறு.

இந்தப் பதினேழு பேருக்கும் போன தவணையில் தமிழ்ப் பாடத்தில் முப்பத்தைந்துக்குக் குறையாமல் போடப்பட்டிருக்கிறது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் படிவத்தில் எல்லாருக்கும் ‘நன்று’. எல்லாம் ஒரே பேனை, ஒரே கையெழுத்து, ஒரே நாள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ‘நன்று’ என்றால் அது யாருக்கு நன்று?

இதை ஆசிரியர் அறையில் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தேநீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 21

அதிபரோடு ஒரு மணி நேரம். அவருக்குப் பதினொன்றாம் தரம்தான் கண். சாதாரண தரப் பெறுபேறு ஏறினால்தான் பாடசாலைக்குப் பெயர். அதில் பிழை சொல்ல முடியாது.

“சேர், வாசிகசாலை அறை ஒண்ணுதான் இருக்கு. பதினொண்ணுக்கு மேலதிக கணித வகுப்பு அங்கதான் வைக்கலாம்னு இருந்தேன். உங்களுக்காக ஆறு கிழமை தாரேன். முன்னேற்றம் தெரியலேன்னா அறையத் திருப்பித் தந்துரணும்.”

ஆறு வருடமாகப் படிக்காததை ஆறு கிழமையில் படிக்க வேண்டும். சரி என்று தலையாட்டினேன். எட்டுக் கிழமை கேட்டிருக்கலாம். பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

மே 26, திங்கள்

ஆரம்பம். வாசிப்பு வகுப்பு சுதர்ஷினி டீச்சருக்கு. இருபத்தெட்டு வயது, இதே தோட்டத்து மேல் டிவிஷன் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். முதலாம் பாடவேளையில் வகுப்பு இரண்டாகப் பிரிவதால், வரவுப் பதிவேட்டை இரண்டாம் பாடவேளையில் குறிக்கும்படி ஒழுங்கு செய்தேன். சிறிய விஷயம். ஆனால் இப்படிச் சிறியவற்றைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

மே 29

மழை. போட்டோகொப்பி இயந்திரம் வேலை செய்யவில்லை. வலயத்திலிருந்து படிவம் ஒன்று: ‘பாடசாலையில் புத்தாக்கக் கற்பித்தல் எத்தனை?’ எண்ணிக்கை கேட்கிறார்கள். ஒன்று என்று எழுதினேன். அழித்துவிட்டுப் பூச்சியம் எழுதினேன். அதிபர் அதை வாங்கி நாலு ஆக்கினார்.

ஜூன் 4

சுதர்ஷினி டீச்சர் வந்து, “சேர், முதல் பாடத்துல பிள்ளைங்க கொறவா இருக்காங்க” என்றார். பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். பதினேழில் பதினாறு, பதினேழு, பதினாறு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். “பதிவேட்டில் இருக்கிறார்களே, டீச்சர்” என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார், மணி அடித்துவிட்டது.

இளம் ஆசிரியர்களுக்குத் தரவைப் பார்க்கும் பழக்கமில்லை.

ஜூன் 13

முதல் கணிப்பீடு. பதினேழில் நான்கு பேரிடம் முன்னேற்றம். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே. சிலருக்குப் போன கிழமை சொல்லிக்கொடுத்த சொற்களைப் பார்த்த ஞாபகமே இல்லை. இது எப்படி? பதின்மூன்று வீடுகளுக்கும் கடிதம் எழுதினேன்: தங்கள் பிள்ளை வாசிப்பில் பின்தங்கியுள்ளார், வந்து சந்திக்கவும்.

ஜூன் 17

வந்தது ஒரே ஒரு தாய். சர்மிளாவின் அம்மா காளியாயி. மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார். தலையில் போட்ட சாக்குக் கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நீங்கதானுங்களா கடுதாசி எழுதின சேர்?”

“ஆமாம்.”

“எம் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதி, அதக் கொண்டுபோகச் சொல்லி எம் பிள்ளகிட்டயே குடுத்து விட்டிருக்கீங்க. அது என்னமோ பரிசுக் கடுதாசின்னு நெனச்சு ஓடியாந்து குடுக்குது. எனக்கும் படிக்கத் தெரியாது. அடுத்த காம்பராக்காரர் உரக்கப் படிச்சாரு. லயமே கேட்டுச்சு.”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அது காலையில எந்திரிச்சு அம்புட்டு வேலையும் பாத்துட்டுத்தாங்க பள்ளிக்கூடம் வருது. அதுக்கு மேல என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

வீட்டில் தினமும் பத்து நிமிடம் வாசிக்க வைக்கும்படி சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். கோப்பில் ‘பெற்றோர் ஒத்துழைப்புக் குறைவு’ என்று எழுதினேன். பிறகு ‘குறைவு’ என்பதை ‘போதாது’ என்று மாற்றினேன். இரண்டும் ஒன்றுதானே? எதற்காக மாற்றினேன்?

ஜூன் 27

இரண்டாவது கணிப்பீடு. எட்டுப் பேர் முன்னேற்றம். ஒன்பது பேர் அசையவில்லை. சர்மிளா அந்த ஒன்பதில்.

ஜூன் 30

அறிக்கை எழுதி முடித்தேன். நான்கு பக்கம், இரண்டு வரைபடம். காரணம் தேடித் தேடி ஒன்றுதான் மிஞ்சியது. வரவு சரி. நேரம் சரி. அறை அமைதி. அப்படியானால் கற்பித்தலில்தான் குறை. ‘கற்பித்தல் முறை பின்தங்கிய மாணவரைச் சென்றடையவில்லை’ என்று எழுதினேன்.

இதை சுதர்ஷினி டீச்சரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். கதவு வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, திரும்பிவிட்டேன். ஒரு பிரதியை அவருடைய கோப்புக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 1

அதிபருக்கு அறிக்கை பிடித்துவிட்டது. “ரிப்போர்ட் வடிவா இருக்கு சேர். நீங்களே எழுதிட்டீங்க, பிறகென்ன. வெள்ளிக்கிழமையோட நிறுத்திருவோம். திங்கள்ல இருந்து ஜீவராஜ் சேர் அறைய எடுக்கட்டும்.”

நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லையே! திருத்தச் சொல்லித்தான் எழுதினேன். இதை அவரிடம் சொன்னேனா? இல்லை. “பார்ப்போம்” என்றேன். பார்ப்போமாம்.

சுதர்ஷினி டீச்சர் காலை வணக்கம் சொல்லவில்லை. ஜீவராஜ் சேர்தான், கணித ஆசிரியர், எல்லாருக்கும் கேட்க, “சேரோட நேரசூசி கோச்சித் தண்டவாளம் மாதிரி நேரா இருக்கு. பிள்ளைங்கதான் பெட்டியில ஏற மாட்டேங்குதுங்க” என்றார். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 3, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அக்கரப்பத்தனைக்கு அப்பால் வளைவில் மண் சரிந்து பஸ் நின்றது. நடந்து போய்ச் சேர எட்டு ஐந்து. கேட் பூட்டியிருந்தது. எதிரே கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரக் கூரைக்குக் கீழே வெள்ளைச் சீருடைகள். எண்ணினேன். ஒன்பது.

ஒன்பதும் என் ஒன்பது.

காவலாளி மூக்கன் சின்னக் கதவைத் திறந்தார். “சேர் வாங்க உள்ள.”

“அந்தப் பிள்ளைகள்?”

“எட்டரைக்குத் தொறப்பேன். சேர் போட்ட சட்டந்தானே.”

“தினமும் இப்படியா?”

“தெனந்தான். மொத நாள்ல இருந்தே. மழையின்னா மடுவத்துல நிப்பாங்க, வெயிலுன்னா மதகுல குந்தியிருப்பாங்க. நல்ல பிள்ளைங்க சேர். சத்தம் போடாதுங்க.”

சத்தம் போடாதுங்களாம்.

மடுவத்துக்குப் போனேன். ஏன் பிந்தினாய் என்று சர்மிளாவிடம் கேட்டேன். திட்டுகிறேன் என்று நினைத்து எழுந்து நின்றது. “தம்பிய பிள்ளக்காம்பராவுல வுட்டுட்டு வாறேன் சேர். அம்மா ஏழு மணிக்கே வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போயிரும். பிள்ள பாக்குற ஆயா ஏழரைக்குத்தான் பிள்ளக்காம்பராவத் தொறப்பாங்க. பொறவு எறங்கி ஓடி வாறேன்.” அதன் தோளில் பால் கக்கிய ஈரம். மற்றவர்களையும் கேட்டேன். சர்மிளாவோடு ஏழு பேருக்கு அதே கதை: தம்பி, தங்கச்சி, அக்காவின் குழந்தை. இரண்டு பேர் மேல் மலையிலிருந்து நடந்து வருகிறவர்கள்.

மேல் மலையிலிருந்து ஓடி வந்து, என் சட்டத்தின் முன்னால் நின்று, யாருக்காக இந்த வகுப்போ அவங்க வெளியே - உள்ளே வகுப்பு நடக்குது - எட்டரைக்கு உள்ள வந்து பதிவேட்டுல ‘வரவு’ன்னு விழுது. அந்தப் பதிவேட்டைத் தூக்கி சுதர்ஷினி டீச்சர் மூஞ்சிக்கு முன்னால நீட்டினவன் நான். என்ன மனுஷன்யா நான்.

கேட்டை மூட வேண்டாம் என்று மூக்கனிடம் சொன்னேன். “அதிபர் சொல்லணுமே” என்றார். “நான் சொல்கிறேன்” என்றேன்.

ஜூலை 4

அதிபரிடம் சொல்லவில்லை. அவர் வலயக் கூட்டத்துக்குப் போய்விட்டார். போனது எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சுதர்ஷினி டீச்சரிடம் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் கொப்பி திருத்திக்கொண்டே கேட்டார். பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து வைத்தார். முதல் நாளிலிருந்து வாசிப்பு அறைக்கு யார் வந்தார், யார் வரவில்லை, யார் எதை வாசித்தார் என்று தேதிவாரியாக. ஒழுங்காக வந்த எட்டுப் பேர்தான் அந்த எட்டு.

“ஏன் இதைக் காட்டவில்லை?”

“நீங்க கேக்கல சேர். நானும் சின்னதுல எந் தங்கச்சிய பிள்ளக்காம்பராவுல வுட்டுட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். சொல்ல வந்தேன். நீங்க பதிவேட்டத் திருப்பிக் காட்டுனீங்க.”

மன்னியுங்கள் என்றேன். “அந்த ரிப்போர்ட்ட என்ன செய்யப் போறீங்க?” என்றார். கேள்வி நியாயமானது.

ஜூலை 6, ஞாயிறு

புதிய அறிக்கை. ஒரு பக்கம். அதிபரிடம் சொல்ல வேண்டியதைக் குசினியில் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். தனலெட்சுமி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “என்கிட்ட இம்புட்டுத் தெளிவாப் பேசுறீங்களே. நாளைக்கு அவரு முன்னால போனதும் ‘பார்ப்போம்’னு வந்துராதீங்க.” அவளிடம் அதை எப்போது சொன்னேன்?

ஜூலை 7

சொல்லிவிட்டேன். பழைய அறிக்கை பிழை, பிழை என்னுடையது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். சுதர்ஷினி டீச்சரின் கொப்பியை முன்னால் வைத்தேன்.

அதிபர் நீண்ட நேரம் பக்கங்களைப் புரட்டினார். “இத ஆசிரியர் கூட்டத்துல சொல்லுவீங்களா சேர்? ரிப்போர்ட்ட எல்லாரும் பாத்துட்டாங்க.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சொல்வேன் என்றேன்.

“அப்படின்னா தவணை முடியும் வரைக்கும் தாரேன். கேட்டையும் மூட வேணாம்னு மூக்கன்கிட்ட சொல்லிடுறேன். ஆனா பிள்ளைங்க வந்த பொறவு ஒரு பாடவேளை வேணும். அறையில அஞ்சாவது ஜீவராஜ் சேர்கிட்ட இருக்கு. அவர நீங்கதான் கேக்கணும்.”

ஜூலை 8

கூட்டத்தில் சொன்னேன். முப்பத்தைந்து வருட சேவையில் ஒரு கூட்டத்திலும் இவ்வளவு குறைவாகப் பேசியதில்லை. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஐந்தாம் பாடவேளையைத் தந்து முதலாவதை எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஜீவராஜ் சேரைக் கேட்டேன். “காலங்காத்தால சூத்திரம் சொன்னா யாருக்கு சேர் ஏறும்?” என்றார். காலையில்தான் மனம் தெளிவு என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன். “பதினொண்ணுல எத்தனை பேரு பிள்ளக்காம்பராவுக்குப் போயிட்டு வாறாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். முதலில் கேலி என்று நினைத்தேன். சாயங்காலம் எண்ணிக்கொண்டு வந்தார்: இரண்டு பேர். “அவங்களுக்கு இடைவேளையில நான் பாத்துக்கிறேன். எடுத்துக்கோங்க.”

ஜூலை 14

ஐந்தாம் பாடவேளை. பதினேழு பேர். அறையில் கதிரை போதவில்லை.

ஜூலை 22

வலயத்திலிருந்து மீண்டும் அதே படிவம். எண்ணிக்கை கேட்கிறார்கள். அப்படியே அதிபர் மேசையில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்றாவது கணிப்பீடு. பதினேழில் பன்னிரண்டு பேர் பந்தியை முழுவதும் வாசித்தார்கள். மூன்று பேர் பாதி. ஒருவர் இன்னும் எழுத்துக் கூட்டுகிறார். மிஞ்சிய சர்மிளா மூன்று வரி வாசித்துவிட்டு நிறுத்தி, “மிச்சம் நாளைக்கு சேர்” என்றது. நாளை சனிக்கிழமை என்று நான் சொல்லவில்லை.

அடுத்த தவணைக்கும் வாசிப்பு வகுப்பு உண்டு. திட்டம் எழுதும் பொறுப்பை அதிபர் சுதர்ஷினி டீச்சருக்குக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தட்டச்சுப் பிழை பார்க்கும் வேலை. மத்தியானம் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. முதல் வரியே ஒரு கேள்வி: ‘எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு, எங்கிருந்து, யாரை விட்டுவிட்டு வருகிறது?’ கீழே நாற்பத்தொரு பெயரும், ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரமும்.

மே மாதப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் ஐந்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. கேட் திறந்த அன்றே, கேட் பற்றிய ஐந்தாவது தானாக விழுந்துவிட்டது. முதலாம் பாடவேளை என்ற மூன்றாவதை மட்டும் இன்றுவரை மனதுக்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்; ஆசிரியர் கூட்டத்தில்கூட அதை நேராகச் சொல்லவில்லை. காலை ஏழரைக்கு ஒரு பிள்ளையின் மனம் எப்படி இருக்கும் என்று முப்பத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மூன்றாவதும் பிழை.