ஆங்கிலப் பக்கத்தில் வந்த ஜெபக் குறிப்பு

சேலையூர்,
14.9.1984

அன்புள்ள தம்பி ஐசக்குக்கு,

அக்கா ரத்தினபாய் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். ஜூலைக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

கேம்ப் ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். மழை வேறு. அந்தச் சேற்றிலும் தபால்காரர் பொன்னுரங்கத்தைத் தினமும் வாசலில் மடக்கிக் கேட்கிறேன். ‘வெளிநாட்டுக் கடுதாசி வந்தா நான் வச்சுக்கினு இன்னா பண்ணப் போறேன் டீச்சரம்மா’ என்று நேற்று அலுத்துக்கொண்டார்.

மூன்றாம் தேதி உனக்குத் தந்தி கொடுத்தேன். ‘அம்மா சீரியஸ், உடனே புறப்படு’ என்று. அம்மா போய் நாலு வருஷமாகிறது. தந்தி கிடைத்திருந்தால் ஏதோ விபரீதம் என்று உனக்கு விளங்கியிருக்கும். தாம்பரத்தில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். லைன் கிடைக்கவே இல்லை. அதனால் எல்லாவற்றையும் இதில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அங்கே உன்னைத் தவிர யாருக்கும் படிக்க வராது என்ற தைரியம்தான்.

அதே தைரியத்தில்தானே நீயும் உன் ஃபுட்பால்காரன் ரமிரோவைப் பற்றி எழுதினாய். எனக்கு ஃபுட்பால் என்றால் பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடியை உடைக்கிற சமாச்சாரம், அவ்வளவுதான். ஆனால் வாழைத் தோட்டக் கூலியின் மகன் பதினேழு வயதில் தலைநகரத்து அணிக்கு ஆடியதும், ஸ்பெயினில் மூன்று வருஷம் ஜனங்கள் அவனைத் தலையில் வைத்துக் கூத்தாடியதும், முட்டி பெயர்ந்து உன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தவனை நீ ஆபரேஷன் செய்து மறுபடி ஓட வைத்ததும் படித்துப் படித்து, அவன் கோல் போட்டால் எனக்கே பெருமையாகிவிட்டது. பம்மலில் கம்பெனி டீமுக்கு ஃபார்வர்டாக ஆடிய உன் அத்தான், ‘முட்டி போனவன் திரும்பி வந்து ஆடுறதுன்னா சும்மாவா’ என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மே மாதப் போட்டியில் அவன் கோல் போட்டுவிட்டு, மேலே உட்கார்ந்திருந்த, அந்த நாட்டை ஆளுகிற ஜெனரலுக்கு வணக்கம் வைக்காமல், ராணுவம் பிடித்துக்கொண்டு போன தன் அண்ணனின் பெயரைச் சொல்லி அவன் எங்கே என்று கேட்டானாமே. அன்றிலிருந்து ராணுவம் அவனையும் தேடுகிறது என்று எழுதினாய். அவனை வேறு பெயரில் வார்டில் படுக்க வைத்து, நன்றாயிருக்கிற காலுக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறேன் என்று நீ எழுதியதும் அத்தான் சிரித்தார். நான் ஜெபம் பண்ணினேன். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்க வேண்டும்.

சபையில் பெண்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுப்போம் அல்லவா. தம்பிக்காக என்று ஒரு வார்த்தை போதாதா? விவரம் தெரிந்தால்தான் மற்றவர்கள் பாரத்தோடு ஜெபிப்பார்கள் என்று அவன் பெயர், உன் பெயர், ஊர், மாவுக்கட்டு, ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன். தபீதாள் அழுதே விட்டாள். போதகர் ஏசுதாசன் உருகிப்போய், மிஷன் மாத இதழின் ஆங்கிலப் பக்கத்துக்கு அதைக் கேட்டார். நானேதான் மொழிபெயர்த்தேன், ஐசக். இருபத்திரண்டு வருஷம் இங்கிலீஷ் டீச்சர் என்கிற திமிர். கீழே என் பெயரையும் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டினேன்.

அத்தான்தான் இதழை வாங்கிப் படித்துவிட்டு, ‘இது அவன் ஆஸ்பத்திரிக்கும்தானே தபால்ல போகும், என்ன காரியம் பண்ணிட்ட’ என்றார். அங்கே தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று நீ எத்தனை தடவை எழுதியிருக்கிறாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஷன் ஆபீசுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். ஆகஸ்ட் இதழ் போய் மூன்று வாரமாகிவிட்டது என்றார்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் முகமெல்லாம் மலர என்னைக் கூப்பிட்டார். தில்லியில் இருக்கிற அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். குறிப்பு மனதைத் தொட்டதாம். இன்னும் மூன்று பிரதியும், டாக்டர் ஐசக்கின் போட்டோ ஒன்றும் வேண்டுமாம். ‘உங்க தம்பிக்கு ஏதோ கௌரவம் பண்ணப் போறாங்கம்மா’ என்றார். மறு தபாலிலேயே அனுப்பிவிட்டாராம். போன வருஷம் லீவில் வந்தபோது எடுத்த படம். முகம் நன்றாகத் தெரிகிறது. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இதைப் படித்த அன்றைக்கே கிளம்பு. பெட்டி படுக்கை எதையும் தேடாதே. ரமிரோவையும் கூட்டிக்கொண்டு வா. அவனுக்கும் இந்த வீட்டில் ஒரு வாய் சோறு இருக்கிறது. கூட்டிவர வழியே இல்லையென்றால், அவனுக்கும் எங்கேயோ ஒரு அக்கா இருப்பாள் என்பது தெரிந்துதான் எழுதுகிறேன், நீ மட்டுமாவது வந்துவிடு. நோயாளியை விட்டுவிட்டு வருகிற ஆள் நீ இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஒரு கடிதத்தை டாக்டராகப் படிக்காதே அப்பா, என் தம்பியாகப் படி. கர்த்தர் என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, உன்னைக் காக்கட்டும்.

உன் வழியையே பார்த்திருக்கும்
அக்கா ரத்தினபாய்